ஏஎல்எஸ்ஸையும் தசைநோயையும் இஎம்ஜி பதிவிலிருந்து பிரித்தறியும் நிரல்: 98 விழுக்காடு துல்லியத்தை நம்பலாமா?

கேள்வி: உயிர்மருத்துவப் பொறியியல் இறுதியாண்டு மாணவி

அனைவருக்கும் வணக்கம். தசையில் எழும் மின்குறிகளின் பதிவைக் (இஎம்ஜி) கொண்டு நரம்புத்தசை நோய்களைத் தானாக இனங்காணும் நிரல் ஒன்றை இறுதியாண்டுத் திட்டப்பணியாகச் செய்துவருகிறேன். இந்தத் தலைப்பைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் என் பெரியப்பா. அவருக்கு வலது கை மெலியத் தொடங்கியபோது கழுத்தெலும்புத் தேய்மானம் என்றுதான் முதலில் சொன்னார்கள். இயக்க நரம்புசெல்கள் அழிந்து தசைகள் மெலியும் ஏஎல்எஸ் நோய் என்று உறுதிப்பட ஓராண்டுக்கு மேல் ஆனது.

இஎம்ஜிலேப் தளத்தில் ஆய்வாளர்களுக்கென வைக்கப்பட்டிருக்கும் கோபன்ஹேகன் பதிவுகளைப் பயன்படுத்தினேன். நிகோலிச் 2001-இல் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சேர்ந்தவை அவை. நலமானவர்கள் 10 பேர், தசைநோய் உள்ளவர்கள் 7 பேர், ஏஎல்எஸ் நோயாளிகள் 8 பேர், ஆக மொத்தம் 25 பேர். பெரும்பாலும் மேற்கையின் இருதலைத் தசையில், ஊசி மின்முனையைப் பல இடங்களிலும் பல ஆழங்களிலும் செருகி, தசையை இலேசாக இறுக்கச் சொல்லிப் பதிவுசெய்திருக்கிறார்கள். ஒரு பதிவு ஏறத்தாழ 11.2 நொடி நீளமுள்ளது, நொடிக்கு 23,437.5 மாதிரிகள்.

ஒவ்வொரு பதிவையும் 5,859 மாதிரிகள் கொண்ட துண்டுகளாக, அதாவது கால் நொடித் துண்டுகளாக வெட்டினேன். ஒவ்வொரு துண்டையும் அதன் சராசரியாலும் திட்டவிலக்கத்தாலும் சமன்செய்துவிட்டு, பூச்சியத்தைக் கடக்கும் எண்ணிக்கை, அலை திசைமாறும் திருப்பங்களின் எண்ணிக்கை, சராசரி அலைவெண், வேவ்லெட் பட்டைகளின் (அலைவெண் வாரியாகப் பிரித்த பகுதிகளின்) ஆற்றல் ஆகியவற்றைக் கணக்கிட்டு ரேண்டம் ஃபாரஸ்ட் என்ற இயந்திரக் கற்றல் முறைக்குக் கொடுத்தேன். எல்லாத் துண்டுகளையும் கலைத்து, 80 விழுக்காட்டைப் பயிற்சிக்கும் 20 விழுக்காட்டைச் சோதனைக்கும் ஒதுக்கினேன். துல்லியம் 98 விழுக்காட்டைத் தாண்டியது. வழிகாட்டிப் பேராசிரியர் மகிழ்ந்து, கட்டுரையாக எழுதத் தொடங்கச் சொன்னார்.

ஆனால் பிசியோநெட் தளத்தில் உள்ள மூன்று பதிவுகளை அதே நிரலுக்குக் கொடுத்தபோது குழப்பம் வந்தது. அங்கே 44 வயதான நலமானவர் ஒருவர், வலப்பக்க எல்5 (கீழ்முதுகின் ஐந்தாம்) நரம்புவேர் பாதிப்புள்ள 62 வயதுக்காரர் ஒருவர், நெடுங்காலப் பாலிமயோசைட்டிஸ் என்ற தசை அழற்சி நோய் உள்ள 57 வயதுக்காரர் ஒருவர் என மூவர் இருக்கிறார்கள். என் நிரல் மூவரையுமே, அதுவும் மிகுந்த உறுதியோடு, ஏஎல்எஸ் என்கிறது. நலமான மனிதரை ஏஎல்எஸ் என்று சொல்லும் நிரலைப் பற்றி எப்படிக் கட்டுரை எழுதுவது? நான் எங்கே தவறினேன் என்று சொல்லுங்கள்.

மறுமொழி 1: சமிக்ஞைச் செயலாக்க ஆய்வாளர்

வணக்கம். கட்டுரையை எழுதாமல் நிறுத்தியது நல்ல முடிவு. உங்கள் நிரல் நோயைவிட ஆட்களைத்தான் நன்றாக அடையாளம் கண்டிருக்கிறது என்று எண்ணுகிறேன்.

ஒரு பதிவிலிருந்து உங்களுக்கு 44 துண்டுகள் கிடைக்கின்றன. அவற்றைக் கலைத்துப் பிரித்தால் ஏறத்தாழ 35 துண்டுகள் பயிற்சிக்கும் மற்றவை சோதனைக்கும் போகும். இப்போது அந்தப் பதிவுக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். இலேசான இறுக்கத்தில் ஒரு சில இயக்க அலகுகளே (ஒரு நரம்புசெல்லும் அது இயக்கும் தசை இழைகளும் சேர்ந்தது ஓர் அலகு) வேலைசெய்கின்றன. ஓர் அலகு நொடிக்குப் பத்து முறை துடிப்பதாக வைத்துக்கொண்டால், அதன் அலை ஒவ்வொரு கால் நொடித் துண்டிலும் இரண்டு மூன்று முறை வந்துவிடும். ஊசி நகராதவரை அந்த அலையின் வடிவமும் மாறாது. ஆகவே பயிற்சியில் பார்த்த அதே அலகின் அதே அலையைத்தான் சோதனையிலும் நிரல் பார்க்கிறது. நேற்று பார்த்த முகத்தை இன்று அடையாளம் சொல்வது போன்றது அது. அந்த முகத்துக்குரியவருக்கு என்ன நோய் என்று பார்த்துச் சொல்வது வேறு வேலை. இதைத் தரவுக் கசிவு என்பார்கள். இதே பதிவுகளை வைத்து வெளிவந்த கட்டுரைகளிலும் துண்டு அளவில் பிரித்தார்களா, ஆள் அளவில் பிரித்தார்களா என்பதை முதலில் தேடிப் பாருங்கள்.

ஒரே ஆளின் எல்லாத் துண்டுகளும் ஒன்று பயிற்சியில் இருக்க வேண்டும், இல்லையேல் சோதனையில் இருக்க வேண்டும். உங்களிடம் 25 பேர்தான் இருப்பதால், ஒவ்வொரு முறையும் ஒருவரை வெளியே நிறுத்திவிட்டு மற்ற 24 பேரைக் கொண்டு பயிற்சி கொடுங்கள். ஸ்கிகிட்-லேர்ன் என்ற பைத்தான் நிரலகத்தில் ‘லீவ்-ஒன்-குரூப்-அவுட்’ என்ற பெயரில் இது ஆயத்தமாகவே இருக்கிறது. துல்லியத்தை ஆட்களின் எண்ணிக்கையில் சொல்லுங்கள். ஆயிரக்கணக்கான துண்டுகள் இருந்தாலும் உங்கள் உண்மையான மாதிரி அளவு 25 மட்டுமே. 25 பேரையும் சரியாகச் சொல்லிவிட்டாலும்கூட, உண்மையான பிழைவீதம் 11 விழுக்காடு வரை இருக்கக்கூடும் என்ற நிலையை 95 விழுக்காடு நம்பகத்துடன் நீங்கள் விலக்க முடியாது.

பிசியோநெட் பதிவுகளில் நேர்ந்த குழப்பத்துக்கு வேறு காரணங்களும் சேர்ந்திருக்கின்றன. அவை 50,000 ஹெர்ட்ஸில் பதிவாகிப் பின்னர் 4,000 ஹெர்ட்ஸுக்குக் குறைக்கப்பட்டவை. நீங்கள் துண்டை நொடியில் அளக்காமல் மாதிரி எண்ணிக்கையில் அளந்திருப்பதால், அதே 5,859 மாதிரிகள் அங்கே ஏறத்தாழ ஒன்றரை நொடியாகிவிட்டன. பூச்சியத்தைக் கடக்கும் எண்ணிக்கை, திருப்பங்களின் எண்ணிக்கை, வேவ்லெட் பட்டைகள் ஆகிய எதற்கும் அங்கே பழைய பொருள் இல்லை. வடிகட்டிகளும் வேறு: கோபன்ஹேகன் பதிவுகளில் 2 முதல் 10,000 ஹெர்ட்ஸ் வரை, பிசியோநெட் பதிவுகளில் 20 முதல் 5,000 வரை. தசையும் வேறு, அங்கே ஊசி இருப்பது முன்கணுக்கால் தசையில்.

எல்லாவற்றையும்விட என்னை வருத்தியது நீங்கள் துண்டுகளைச் சமன்செய்த முறை. ஒவ்வொரு துண்டையும் அதன் திட்டவிலக்கத்தால் வகுத்தபோது வீச்சு, அதாவது அலையின் உயரம், என்ற தகவலையே அழித்துவிட்டீர்கள். மருத்துவர் மைக்ரோவோல்ட்டில் அளந்து பார்க்கும் முதன்மையான அளவுகளில் அதுவும் ஒன்று.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தத் தொகுப்பில் நலமானவர்களின் வயது 21 முதல் 37 வரை. ஏஎல்எஸ் நோயாளிகளின் வயது 35 முதல் 67 வரை. இரண்டு குழுக்களும் வயதில் ஒன்றையொன்று தொடுவதே அரிது. வயது ஏற ஏற இயக்க அலகின் அலை நீளும் என்பதைக் கோபன்ஹேகனிலேயே ஃபிரிட்ஸ் புக்தால் 1950-களில் தசைவாரியாகவும் வயதுவாரியாகவும் அட்டவணையிட்டுக் காட்டியிருக்கிறார். அதனால் ஆள்வாரியாகப் பிரித்த பிறகும், நிரல் கண்டுபிடிப்பது நோயையா முதுமையையா என்ற கேள்வி நிற்கும். 44 வயது நலமானவரை அது ஏஎல்எஸ் பக்கம் தள்ளியதில் இதற்கும் பங்கு இருக்கலாம்.

மறுமொழி 2: நரம்பியல் மருத்துவர்

மேலே சொன்னவை அனைத்தும் சரி. நான் வேறொரு பக்கத்திலிருந்து பேசுகிறேன், ஏனென்றால் கணக்கு முழுவதையும் திருத்திய பின்பும் உங்கள் நிரலில் ஒரு பிழை எஞ்சியிருக்கும். ஊசி முனை பார்க்கும் சில மில்லிமீட்டர் தசையில் ஏஎல்எஸ் என்ற ஒன்று எழுதப்பட்டிருப்பதில்லை.

முதுகுத்தண்டின் முன்கொம்பில் உள்ள ஓர் இயக்க நரம்புசெல்லும், அது ஆளும் தசைநார்கள் (தசை இழைகள்) அனைத்தும் சேர்ந்ததே ஓர் இயக்க அலகு. அந்தச் செல் இறந்தால் அதன் நார்கள் அனாதையாகின்றன. பக்கத்து நரம்பிழைகள் கிளைவிட்டு அவற்றைத் தத்தெடுக்கின்றன. எஞ்சிய அலகுகள் இதனால் அளவில் பெரிதாகின்றன. அலைகள் உயர்ந்து, நீண்டு, அடிக்கோட்டுக்கு மேலும் கீழுமான பல கட்டங்களாக உடைகின்றன. புதிதாகக் கிளைவிட்ட இழைகளில் கடத்தல் சீராக இல்லாததால், ஒரே அலகின் அலை ஒரு முறைக்கு மறுமுறை சற்றே மாறுவதும் உண்டு. அலகுகள் குறைந்துவிட்டதால் விசையைக் கூட்ட இருக்கிற சிலவே வேகமாகத் துடிக்க வேண்டியிருக்கிறது. தசைநோயில் நிலைமை வேறு: நரம்புசெல் நலமாக இருக்க, அலகுக்குள் நார்கள் ஒவ்வொன்றாகக் கெடுகின்றன. அலை சிறுத்துக் குறுகுகிறது. சிறிய விசைக்கே நிறைய அலகுகள் திரண்டு வருகின்றன. இயல்பான அலை பொதுவாக 5 முதல் 15 மில்லிநொடி வரை நீளும். நான்கு கட்டங்களுக்கு மேல் உடைந்திருந்தால் பலகட்ட அலை என்போம். சில பலகட்ட அலைகள் எல்லாரிடமும் உண்டு. தோள் முக்கோணத் தசையில் 25 விழுக்காடு வரை இருந்தாலும் நான் கவலைப்பட மாட்டேன்.

ஊசி சொல்லக்கூடியது இவ்வளவே: இந்தத் தசை இயல்பானது, அல்லது நரம்புவழிப் பாதிப்புள்ளது, அல்லது தசைவழிப் பாதிப்புள்ளது. எல்5 வேர் நசுங்கினாலும், முன்கொம்பு செல் இறந்தாலும், முன்கணுக்கால் தசையில் தெரிவது ஒரே வகை மாற்றம்தான். உங்கள் நிரல் அந்த 62 வயதுக்காரரை ஏஎல்எஸ் என்றதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. ‘நரம்புவழி’ என்று மட்டும் சொல்லியிருந்தால் அது சரியான விடை.

பிறகு நான் எப்படிப் பிரிக்கிறேன்? ஊசியை அடுத்த தசைக்குக் கொண்டுபோகிறேன். முன்கணுக்கால் தசையோடு, வேறு நரம்பில் வந்தாலும் அதே எல்5 வேரைச் சேர்ந்த பின்கணுக்கால் தசையும் இடுப்பின் நடுப்பிட்டத் தசையும் கெட்டிருந்து, மற்ற வேர்களின் தசைகள் நன்றாக இருந்தால் அது வேர்நோய். மூளைத்தண்டு, கழுத்து, மார்பு, இடுப்பு ஆகிய மண்டலங்களில் ஒன்றுக்கு மேற்பட்டவற்றில், ஒரே வேருக்குள் அடங்காதபடி நரம்புவழி மாற்றம் பரவியிருந்து, உணர்வு நரம்புக் கடத்தல் இயல்பாகவே இருந்தால் என் கவலை கூடுகிறது. ஏஎல்எஸ்ஸைக் கண்டறிவது பற்றி 2008-இல் வெளியான அவாஜி பரிந்துரைகளுக்குப் பிறகு, தசைத்துடிப்புகளையும், நரம்பிழந்த தசைநார்கள் ஓய்வுநிலையில் தாமாக எழுப்பும் தன்னியல்பு அலைகளுக்கு இணையான சான்றாக எடுத்துக்கொள்கிறோம். உங்கள் பெரியப்பாவைப் போல ஒரே கையில் தொடங்கும் நோயில், முதல் ஆய்வின்போது மற்ற மண்டலங்களில் மாற்றமே இல்லாமல் இருக்கலாம். அதனால்தான் நாவையும் மார்புப் பகுதி முதுகுத் தசைகளையும் ஊசியால் தேட வேண்டியிருக்கிறது, சில மாதங்கள் கழித்து ஆய்வைத் திரும்பச் செய்யவும் வேண்டியிருக்கிறது. கழுத்தெலும்புத் தேய்மானம் அந்த வயதில் பலருக்கும் படத்தில் தெரியும். இரண்டும் ஒருவருக்கே இருப்பதும் உண்டு. உங்கள் குடும்பம் காத்திருந்த அந்த ஓராண்டின் வேதனையை நான் சிறிதாக எண்ணவில்லை.

பாலிமயோசைட்டிஸ் நோயாளியைப் பற்றியும் ஒரு சொல். அவர் ஸ்டீராய்டும் மெத்தோட்ரெக்சேட்டும் பெற்று நல்ல பலன் கண்டவர் என்று அந்தப் பதிவின் குறிப்பே சொல்கிறது. நெடுநாள் தசைநோயில் சிறிய குறுகிய அலைகளோடு நீண்ட பெரிய அலைகளும் கலந்து வரும். அனுபவமுள்ள மருத்துவரும் தடுமாறும் இடம் அது. அவ்வாறே, நரம்பு மீளத் தொடங்கும் முதல் வாரங்களில் வரும் சிறிய பலகட்ட அலைகள் தசைநோய் போலவே தோன்றும்.

ஆகவே உங்கள் வகுப்பின் பெயரை ‘நரம்புவழி’ என்று மாற்றுங்கள். விடையைத் தசைக்கு ஒன்றாகச் சொல்லுங்கள். பல தசைகளின் விடைகளை எந்த நரம்பு, எந்த வேர், எந்த மண்டலம் என்று கோத்துப் பார்ப்பதை இரண்டாவது படியாக வையுங்கள். கனடாவின் வாட்டர்லூவில் ஸ்டாஷக்கும் அவருடைய குழுவினரும் ஒவ்வொரு அலகு அலைக்கும் நிகழ்தகவு கண்டு, அவற்றைச் சேர்த்துத் தசைக்கு ஒரு நிகழ்தகவு சொல்லும் வழியில் நெடுநாள் உழைத்திருக்கிறார்கள். அந்த வழி எனக்குப் பிடித்திருப்பதற்குக் காரணம், எந்த அலைகளால் அந்த முடிவு வந்தது என்று திரும்பிப் பார்க்க முடிகிறது.

மறுமொழி 3: இஎம்ஜி டெக்னீசியன்

நான் பொறியியல் படித்தவன் அல்லன்; பதினெட்டு ஆண்டுகளாக மருத்துவர் பக்கத்தில் நின்று இயந்திரத்தை இயக்குகிறேன். பதிவு எப்படி எடுக்கப்படுகிறது என்பதை மாணவி ஒரு நாளாவது நேரில் பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

திரையைவிட ஒலிபெருக்கியைத்தான் நாங்கள் அதிகம் நம்புகிறோம். ஊசி அலகுக்கு அருகில் இருந்தால் ஒலி நறுக்கென்று கேட்கும். தள்ளியிருந்தால் மந்தமாகக் கேட்கும். மந்தமாகக் கேட்கும்போது மருத்துவர் ஊசியைச் சற்றே நகர்த்துவார். அலையின் ஏற்றம் அரை மில்லிநொடிக்குள் முடிந்தால்தான் அதை அளப்பது வழக்கம். 4,000 ஹெர்ட்ஸில் அந்த அரை மில்லிநொடிக்குள் இரண்டு மாதிரிகள்தான் விழும் என்பதைப் பொறியியல் தெரிந்தவர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

ஓய்வுநிலையில் தகரக் கூரையில் மழைத்துளி விழுவதுபோலச் சீராகக் கேட்டால் அது பெரும்பாலும் நரம்பிழந்த தசைநாரின் தன்னியல்பு அலை. சூடான எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல ஒழுங்கின்றிக் கேட்டால், ஊசி நரம்பும் தசையும் சேரும் இடத்தைத் தொட்டுவிட்டது என்று பொருள், அது நோயன்று. இரண்டும் திரையில் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். முதல் விலகல் எந்தத் திசையில் போகிறது என்று பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். இறுகிய தசை தளரத் தாமதிக்கும் மயோடோனியாவில் மோட்டார் சைக்கிளை முறுக்கி முறுக்கி விடுவதுபோல ஒலி ஏறி இறங்கும். அதை ஒரு முறை கேட்டவர் மறக்க மாட்டார்.

குளிரூட்டிய அறையில் நோயாளி அரைமணி நேரம் காத்திருந்து வந்தால் கை சில்லிட்டிருக்கும். குளிர்ந்த தசையில் அலை நீளும், கட்டங்களும் கூடும். கையைச் சூடாக்கி, தோலின் வெப்பம் 32 டிகிரியாவது இருக்கிறதா என்று பார்த்த பிறகே தொடங்குவோம். அந்த வெப்பநிலையை எத்தனை தரவுத் தொகுப்புகள் எழுதி வைத்திருக்கின்றன? மின்கம்பியின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் அப்படித்தான். ஒரு நோயாளியின் பதிவில் அது இருந்து மற்றவர் பதிவில் இல்லாவிட்டால், உங்கள் நிரல் அதைக்கூட நோயின் அடையாளமாக எடுத்துக்கொள்ளக்கூடும்.

மறுமொழி 4: மென்பொருள் பொறியாளர்

அலகு அலைகளைத் தனித்தனியே பிரித்து அளப்பதெல்லாம் கணினி வலிமை இல்லாத காலத்து வழி என்று எனக்குத் தோன்றுகிறது. ஜப்பானின் தோகுஷிமாவில் 2019-இல் ஓய்வுநிலை அலைகளை நிறமாலைப் படங்களாக மாற்றி, ஆழ்கற்றல் வலைக்குக் கொடுத்து வகைப்படுத்தியிருக்கிறார்கள். அதே வழியில் போனால் இவ்வளவு சிக்கல் இல்லையே?

மறுமொழி 5: சமிக்ஞைச் செயலாக்க ஆய்வாளர்

பிரிக்காமலே அளக்கும் வழி புதிதன்று. 1964-இல் இலண்டனில் வில்லிசன், 100 மைக்ரோவோல்ட்டுக்கு மேற்பட்ட திருப்பங்களை மட்டும் எண்ணி, வலுவான இறுக்கத்தின் பதிவையும் அளக்க முடியும் என்று காட்டினார். மாணவி கணக்கிட்ட திருப்பங்கள் அந்த மரபில் வந்தவைதான். ஆனால் சமன்செய்த பிறகு 100 மைக்ரோவோல்ட் என்ற எல்லைக்கே இடமில்லாமல் போய்விட்டது.

தோகுஷிமா வேலையின் வலிமை எங்கே இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஓய்வுநிலையில் வரும் ஒரு தன்னியல்பு அலைக்கு இடும் பெயர் அந்த அலைக்கே உரியது. வல்லுநர் அந்தத் துண்டை மட்டும் பார்த்துப் பெயரைச் சொல்லிவிட முடியும். ‘ஏஎல்எஸ்’ என்ற பெயர் ஆளுக்கு உரியது. ஆளின் பெயரைக் கால் நொடித் துண்டின் மேல் ஒட்டிப் பயிற்சி கொடுக்கும்போதுதான் தவறு நேர்கிறது. ஏஎல்எஸ் நோயாளியின் இருதலைத் தசையிலும் முற்றிலும் இயல்பான அலகுகள் இருக்கும்; அவற்றையும் நோய் என்று கற்கும்படி நிரலை வற்புறுத்துகிறோம். வலை எவ்வளவு ஆழமானதாக இருந்தாலும் இந்தத் தவறு தீராது.

கேட்டவரின் மறுமொழி: இறுதியாண்டு மாணவி

அனைவருக்கும் என் உளமார்ந்த நன்றி. மூன்று நாள்களாக எல்லாவற்றையும் திரும்பச் செய்தேன். வீச்சை அழிக்காமல் வைத்து, துண்டுகளை நொடிக்கணக்கில் வெட்டி, ஒவ்வொருவராக வெளியே நிறுத்திச் சோதித்ததில் துல்லியம் எழுபது விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. தசைநோயாளிகளில் சிலரை நலமானவர்கள் என்கிறது. நலமானவர்களில் சற்று வயது கூடியவர்களை நரம்புவழி என்கிறது. பேராசிரியரிடம் இரண்டு கணக்குகளையும் அருகருகே வைத்துக் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, இதையே எழுதச் சொன்னார்.

வகுப்பின் பெயரை மாற்றுவதற்காகத் தொகுப்பின் விளக்கக் குறிப்பை மறுபடி படித்தேன். ஏஎல்எஸ் நோயாளிகள் எட்டுப் பேரில் ஐந்து பேர் நோய் தொடங்கிய சில ஆண்டுகளுக்குள் இறந்தார்கள் என்றும், அதுவே அந்நோய் என்பதற்கு வலுச் சேர்க்கிறது என்றும் அதில் எழுதியிருக்கிறது. அந்த வரியை முன்பும் படித்திருக்கிறேன், கடந்து போயிருக்கிறேன். இந்த முறை எட்டுக் கோப்புகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து, துண்டுபோடாமல் முழுப் பதிவாக ஒலியாக்கிக் கேட்டேன்.

டாக்டரிடம் ஒன்று கேட்க வேண்டும். ஒரு தசையில் பல அலகு அலைகளை அளந்த பிறகு அவற்றின் சராசரியை எடுப்பதா, வேறு வழி உண்டா? சராசரி எடுக்கும்போது நோயுற்ற சில அலகுகள் இயல்பானவற்றின் நடுவே மறைந்துவிடுகின்றன.

மறுமொழி 6: நரம்பியல் மருத்துவர்

ஒலியாக்கிக் கேட்டது நல்லது.

சராசரியோடு விலகிய அலைகளையும் எண்ணுங்கள். ஸ்வீடனின் உப்சாலாவைச் சேர்ந்த ஸ்டால்பெர்க்கும், அவரோடு பிஷாஃப், ஃபால்க் ஆகியோரும் 1994-இல் இதற்கென ஒரு வழி தந்தார்கள். ஒரு தசையில் 20 அலைகளை அளக்க வேண்டும். நலமானவர்களிடமும் இரண்டொரு அலைகள் வரம்பைத் தாண்டும் என்பதால் அவற்றுக்கு இடம்விட்டு வரம்புகளை வகுத்திருக்கிறார்கள். இரண்டுக்கு மேல் தாண்டினால் தசை இயல்பற்றது. வீச்சுக்கு மேல்வரம்பும் கீழ்வரம்பும் தனித்தனியே இருப்பதால், நரம்புவழியா தசைவழியா என்பதும் எந்தப் பக்கம் விலகுகிறது என்பதிலிருந்தே தெரியவரும். நோயின் தொடக்கத்தில், பெரும்பாலான அலகுகள் இன்னும் நலமாக இருக்கும் தசையில், இந்த வழி சராசரியைவிட முன்னதாகக் காட்டிக்கொடுக்கும். உங்கள் பதிவுகளில் ஆளுக்குப் பல ஊசி இடங்கள் இருக்கின்றன; ஒரே இடத்திலிருந்து 20 அலைகளையும் எடுக்காமல் இடங்களுக்குப் பகிர்ந்து எடுங்கள். ஒரே அலகை இரண்டு முறை எண்ணிவிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.